நீ கேட்ட நம்பர்

தேனு,

என் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்த ஃபங்ஷனல் மெடிசின் அம்மாவின் நம்பரை நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பார்த்துவிட்டும் பதில் போடாமல் இருக்கிறேன் என்று திட்டித் தீர்த்திருப்பாய், திட்டு. நம்பர் என்னிடம் இருக்கிறது, அனுப்பத்தான் மனசு வரவில்லை. ஏன் என்பதை வாட்ஸ்அப்பில் தட்டி மாளாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாறிவிட்டான், அவர் ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் எண்ணுகிறார், பிலோ மறுபடியும் வீடு மாற்றிவிட்டாள், அந்தத் தையல் மெஷினோடுதான். போதுமா?

சித்ரா மகள் கல்யாணப் பந்தியில் இலையைத் தொடாமல், டப்பாவில் கொண்டுவந்த வேகவைத்த சுரைக்காயைத் தின்றுகொண்டு உனக்கு ஒரு மணி நேரம் குடல் பிரசங்கம் செய்தவள் நான்தானே. ஃபங்ஷனல் மெடிசின், நோயின் வேரைப் பார்க்கும் வைத்தியம், அமெரிக்காவில் 1991லேயே ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியல்காரர் இதற்கென்று ஒரு நிறுவனமே தொடங்கிவிட்டார் என்றெல்லாம் அளந்தேன். கெட்டதை நீக்கு, குறைந்ததை ஈடுகட்டு, நல்ல கிருமியை விதை, குடலைப் பழுதுபார், வாழ்க்கையைச் சமன்செய் என்று ஐந்து படிகளையும் விரல்விட்டு எண்ணினேன். நீ வாயைப் பிளந்து கேட்டாய். இப்போது நீயும் கிளம்பிவிட்டாய் என்றால் பாதிப் பழி என்னுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மா முதல் நாள் ஒன்றரை மணி நேரம் பேசவிட்டார். பிறந்தது சிசேரியனா என்பதில் ஆரம்பித்து, எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், மாமியாரோடு சண்டை வந்தால் வயிறு என்ன செய்கிறது வரைக்கும் கேட்டார். அதற்கு முன்னால் பார்த்த டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நாலு நிமிஷத்தில் கேஸ் மாத்திரை எழுதியவர். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் விழுந்துவிட்டேன், அதை இப்போதும் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. எந்த உணவு உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் டெஸ்ட், பதினெட்டாயிரம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நீளமான பட்டியல் வந்தது. நான் பெயர்கூடக் கேட்டிராத காய்கள் பச்சையில், பால், தயிர், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு எல்லாம் சிவப்பில். எனக்கு அப்போது உறைக்கவில்லை. இந்த டெஸ்ட் பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை, அது நாம் வழக்கமாகச் சாப்பிடும் எதற்கும் உடம்பில் இருக்கும். ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்களே இதை நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்கின்றன. நான் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று கண்டுபிடிக்கப் பதினெட்டாயிரமா? மாமியாரைக் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார், கூடவே நாலு குற்றமும்.

சிவப்பு முழுவதையும் நிறுத்தினேன், அந்த அம்மா வெங்காயம், பூண்டையும் சேர்த்து நிறுத்தச் சொன்னார். முதல் மாசம் வயிறு நிஜமாகவே லேசாகிவிட்டது, அதில் பொய்யில்லை. ஆனால் திரும்ப எதையும் சேர்க்கச் சொல்லவே இல்லை. கேட்டால் "குடல் ஓட்டை இன்னும் ஆறவில்லை" என்பார், கூடவே இன்னொரு டப்பா பவுடர். ஐந்து மாசம், தேனு. எட்டுச் சாமான்களோடு குடும்பம் நடத்தினேன். சாம்பார் வாசனை வந்தால் பயம். நாக்கு புண்ணானது, பாதம் மரத்தது. பி12 ஏற்கெனவே ஓரத்தில் நின்றிருக்கிறது, பாலும் தயிரும் முட்டையும் போனதும் கீழே விழுந்துவிட்டது.

கடைசியில் வேறொரு குடல் டாக்டரிடம் போனேன், வயசான மனிதர். கோதுமையை விட்டு எத்தனை நாள் என்று கேட்டார். ஐந்து மாசம் என்று பெருமையாகச் சொன்னேன். "அடடா, கோதுமையே குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று இப்போது பார்த்தால் ரிசல்ட்டை நம்ப முடியாதே, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் தெரியும்" என்றார். மருந்துச் சீட்டில் என்ன எழுதினார் தெரியுமா? தினமும் இரண்டு சப்பாத்தி, ஆறு வாரம். அதை மெடிக்கல் ஷாப்பில் நீட்டலாமா என்று இவர் இன்றைக்கும் கேலி செய்கிறார். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை.

அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும், சாப்பாட்டை விலக்கிப் பார்ப்பதில் தப்பே இல்லையாம். மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு வகைகளில் இருக்கும் சில சர்க்கரைகள்தான் வயிற்றில் நொதித்துக் காற்றாகின்றன என்று ஒரு முறையே வகுத்திருக்கிறார்கள். ஆனால் விலக்குவது இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுதான் வைத்தியத்தில் பாதி. அந்தப் பாதியை எனக்கு யாரும் விற்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அரைச் சின்ன வெங்காயம் நறுக்கி, நெய்யில் வதக்கி, சோற்றில் பிசைந்து தின்றுவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதிரி. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஒன்று, அப்போதும் சாந்தம். மூன்றாம் நாள் வத்தக்குழம்பில் எட்டு, ராத்திரி முழுக்க மேளக் கச்சேரி. ஆக எனக்கு அளவுதான் பிரச்சினை. டம்ளர் பால் ஆகாது, தயிர் ஆகும். உறை குத்தும்போதே கிருமிகள் பாலின் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றனவாம். ஐந்து மாச பயத்துக்கு ஒரு மாச நோட்டுப்புத்தகம் பதில் சொல்லிவிட்டது.

இப்போது உன் விஷயம். இதைக் கேலியாக எழுதவில்லை. ஆறு கிலோ இளைத்ததை என்னவோ பரிசு கிடைத்த மாதிரி எழுதியிருக்கிறாய், நடுராத்திரி எழுந்து பாத்ரூம் போவதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய், ஹீமோகுளோபின் ஒன்பது என்பதைக் கடைசி வரியில் ஒளித்துவைத்திருக்கிறாய். நமக்கு ஐம்பத்திநாலு ஆகிறது. என்னுடையது ஐபிஎஸ் என்கிறார்களே, அந்த உறுத்துகிற குடல். அது மனுஷியைப் படுத்தும், ஆனால் எடையைத் தின்னாது, ரத்தத்தைக் குறைக்காது, பொதுவாகத் தூக்கத்திலிருந்து எழுப்பவும் எழுப்பாது. இந்த வயசில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பார்த்தே ஆக வேண்டும் என்று என் டாக்டர் சொன்னார், உன் பேரைச் சொல்லாமல் கேட்டேன். சீலியாக் ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரொடெக்டின் என்று குடல் அழற்சியைக் காட்டும் ஒரு டெஸ்ட், பெரும்பாலும் பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் வேண்டியிருக்குமாம். அதுவரை கோதுமையை நிறுத்தாதே, எந்தப் பவுடரையும் தொடாதே. மூல வியாதியாக இருக்கும் என்று நீயே முடிவு செய்துகொண்டு உட்காராதே.

கொலோனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் ஒரு மருந்தைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்கவைப்பார்கள். ஹாஸ்டல் ரசத்தையே மூன்று வருஷம் குடித்தவள் நீ, இதற்கா பயப்படப் போகிறாய்? மதுரைக்கு வரும் வியாழக்கிழமை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை டாக்டரைப் பார்க்கிற மாதிரி நீ அப்பாயின்ட்மென்ட் வாங்கி வை. மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். சாம்பாரில் வெங்காயம் நாலுக்கு மேல் போடாதே.

வசந்தி