பொருள்: 16 செல் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுப் போர்டு) என் 8 செல் பேட்டரிக்கு வேலை செய்யாதது குறித்துப் புகார்

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய 100 ஆம்ப் பி.எம்.எஸ். விஷயமாக மறுபடியும் எழுதுகிறேன். ஆர்டர் விவரமெல்லாம் பழைய மின்னஞ்சல்களில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினேன், மலாயில் எழுதினேன். "உங்கள் புகார் பதிவானது" என்ற ஒற்றை வரிதான் திரும்ப வந்தது. உங்கள் ஈப்போ கடை முகப்பில் தமிழிலும் பேசலாம் என்று பலகை தொங்குகிறது. சரி, தமிழிலேயே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் 8 முதல் 16 செல் வரை என்று அச்சடித்து விற்றது நீங்கள். என்னிடம் இருப்பது 100 ஆம்பியர் மணி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் எட்டு. வரிசையாகக் கட்டினால் 25.6 வோல்ட். அம்மா தோசை மாவு அரைத்து விற்கிறார். இடிமழையில் கரண்டு போனாலும் மாவு வைக்கும் ஐஸ் பெட்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். நான் என்ன ராக்கெட்டா விடப் போகிறேன்?

கோளாறு உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே இன்னும் 16 செல் என்றே செட்டிங் கிடக்கிறது. கைப்பேசியில் உங்கள் செயலியைத் திறந்தால் முதல் எட்டு செல்லும் 3.31, 3.32 என்று ஒழுங்காக நிற்கின்றன. ஒன்பதிலிருந்து பதினாறு வரை 0.000 என்று சிவப்பில் மின்னுகிறது. இல்லாத செல்லெல்லாம் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதாக நினைத்து பி.எம்.எஸ். டிஸ்சார்ஜை, அதாவது பேட்டரியிலிருந்து கரண்டு வெளியே போவதை, அடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு மொத்த வோல்ட்டின் கீழ் வரம்பு 40-இல் இருக்கிறது. எட்டு செல்லையும் 3.65 வரை முழுக்க ஏற்றினாலும் 29.2 வோல்ட்தானே வரும்? பிறகு எந்தக் காலத்தில் அது திறக்கும்? செல் எண்ணிக்கையை 8 என்று மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. இத்தனை நாளாக நான் கேட்பது அந்தப் பாஸ்வேர்டைத்தான் ஐயா.

உங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அங்கிள், இன்னும் எட்டு செல் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பி.எம்.எஸ்.ஸுக்குக் காட்டும் பேலன்ஸ் ஒயரைப் பற்றிக் கேட்டதற்கு, "இது தோட்டத்து ஆளுங்க விளையாடுற சாமான் இல்ல" என்றார். என் அப்பா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்தான். நான் செம்பனை ஆலையில் மோட்டார் பழுது பார்க்கிறவன். அந்த ஒயர்களின் பிளக்கைப் போர்டில் செருகும் முன்பே மீட்டரின் கறுப்பு முனையை பி மைனஸில் (பேட்டரியின் மைனஸ் முனையில்) வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னிலும் 3.3, 6.6, 9.9 என்று ஏறுகிறதா என்று பார்த்துத்தான் செருகினேன். அந்தத் தம்பி இதை ஒரு தடவையாவது செய்து பார்த்திருப்பாரா?

ஒயர் விஷயத்துக்கும் பதில் வேண்டும். 17 பேலன்ஸ் ஒயரில் எட்டு செல்லுக்கு ஒன்பது போக மிச்சமுள்ள எட்டையும் எட்டாவது செல்லின் பிளஸ்ஸோடு சேர்க்கச் சொல்கிறது கையேடு. டப்பாவில் ஒட்டியிருக்கும் படம் அவற்றைச் சும்மா விடச் சொல்கிறது. நான் கையேட்டின்படி சேர்த்திருக்கிறேன். எது சரி என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஈப்போ பயணம். பேட்டரியோடு வரச் சொன்னது நீங்கள், நாள் குறித்ததும் நீங்கள். லீவு போட்டு, சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தனை கனத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து, உங்கள் மாடிப்படியில் சுமந்து ஏறினால், டெக்னீஷியன் ஷா ஆலாம் போய்விட்டாராம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லமாட்டேன். ஆனால் வோல்ட் பார்க்க என் மீட்டரையே கடன் கேட்டார்! பேட்டரி சாமான் விற்கிற கடையில் ஒரு மீட்டர் இல்லை.

இதற்கிடையில் கரண்டு போய் மாவெல்லாம் புளித்துப் பொங்கிக் கீழே கொட்டியதுதான் மிச்சம். அம்மாவின் வியாபாரமே படுத்துவிட்டது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இனி யார் எங்களிடம் மாவு வாங்குவார்கள்? மாவு, லீவு, பெட்ரோல், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாது.

தயவுசெய்து பாஸ்வேர்டைக் கொடுங்கள், அல்லது நீங்களே 8 செல்லுக்கு மாற்றிக் கொடுங்கள். முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு வாரம் பார்ப்பேன். அதற்குமேல் பயனீட்டாளர் தீர்ப்பாயம்தான். 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீலும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெட்டியில் அச்சடித்த "8 முதல் 16" என்ற வரியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போகவேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். உங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்

பி.கு.: திரும்ப அழைப்பதாக இருந்தால் மாலை ஆறுக்கு மேல் அழையுங்கள். அந்தத் தம்பியிடம் மட்டும் போனைக் கொடுக்காதீர்கள்.