பழைய லென்ஸ் வாங்கிய மகனுக்கு

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாங்கிய பழைய சோவியத் லென்ஸ், ஹீலியோஸ் 44-2, வந்து சேர்ந்தது பற்றி சந்தோஷம். ஒருவர் கோடு போட்ட அட்டையைப் படமெடுத்து “மூலையெல்லாம் குப்பை” என்கிறார், இன்னொருவர் அதே லென்ஸில் எடுத்த முகங்கள் மனதை அள்ளுகின்றன, யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டு பேருமே உன் லென்ஸைப் பார்க்கவில்லை.

40, 50 வருடம் பழையது, எத்தனை கை மாறியதோ, யார் கழற்றி எப்படித் திரும்ப மாட்டினார்களோ தெரியாது. ஹீலியோஸ் 44 வகையோ லட்சக்கணக்கில், ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் தயாரானது. அதனால் ஒருவர் செய்த சோதனை அவர் கையில் இருந்த லென்ஸைப் பற்றித்தான் பேசும். என் யோசனை இதுதான்: உன் லென்ஸில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை செய். அது உனக்குப் பிடிக்குமா என்று பார்க்கப் படம் எடு. இந்த இரண்டையும் மாற்றிப்போடுவதால்தான் இவ்வளவு சண்டையும் வருகிறது.

கேமராவில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை, முழுக்கத் திறந்து, லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு, முன்பக்கமாகப் பார். எதிரே கறுப்புத் துணி இருக்கட்டும். தூசி எவ்வளவு தெரிந்தாலும் கவலைப்படாதே. முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல் ஒன்றிரண்டு இருந்தாலும் படத்தில் ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டியது மெல்லிய பால் படிந்தது போன்ற மங்கலுக்கு. அது பெரும்பாலும் அபெர்ச்சர் தகடுகளுக்குப் பக்கத்திலுள்ள உள்கண்ணாடிகளில், மசகின் ஆவி படிந்து உண்டாவது. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. படத்தில் மட்டும் கறுப்பு சாம்பலாகிவிடும். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்திருக்கின்றன. மங்கலைத் துடைத்துவிடலாம், பூஞ்சையையும் ஓரளவு துடைக்கலாம். ஒட்டுப் பிரிந்ததைச் சரிசெய்வது வீட்டு வேலை இல்லை.

அடுத்தது அடாப்டர், பழைய லென்ஸைப் புது கேமராவில் மாட்ட நடுவே போடும் வளையம். பாதிப் பேர் லென்ஸைத் திட்டும் இடத்தில் திட்டு வாங்க வேண்டியது இதுதான். உன் லென்ஸின் எம்42 மவுண்டுக்கு (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்), மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. உன் சோனி கேமராவின் இ மவுண்டுக்கு 18 மி.மீ. ஆக அடாப்டரின் தடிமன் 27.46 இருக்க வேண்டும். முடிவிலி வரை, அதாவது மிகத் தொலைவு வரை, ஃபோகஸ் எட்டாமல் போய்விடக்கூடாதே என்று அடாப்டர் செய்பவர்கள் பலர் வேண்டுமென்றே ஒரு துளி மெலிதாக்கிவிடுவார்கள். 0.1 மி.மீ. குறைந்தால் உன் 58 மி.மீ. லென்ஸில் நிஜமான முடிவிலி, வளையத்தில் 33 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வரும். 24 மி.மீ. லென்ஸாக இருந்தால் ஏறக்குறைய 6 மீட்டர் குறியிலேயே வந்துவிடும். அதனால் வளையத்தைக் கடைசிவரை திருகி நிறுத்திவிட்டு “தூரத்தில் கூர்மை இல்லை” என்று தீர்ப்பு எழுதாதே. திரையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விளிம்புக்கு நிறம் காட்டும் பீக்கிங் வசதியும் இந்த வேலைக்குப் பத்தாது.

மெலிவை விட மோசம் சாய்வு. அடாப்டரின் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் கூர்மை கெட்டுக் குழைந்துபோகும். அச்சு அசல் லென்ஸின் கண்ணாடி மையம் விலகியது போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எம்42 திருகு மவுண்டில் ஒரு சுலபமான வழி உண்டு. அந்தத் திருகின் புரி இடைவெளி 1 மி.மீ. லென்ஸை அரைச்சுற்று தளர்த்தினால் அரை மி.மீ. முன்னால் வரும், கூடவே 180 டிகிரி திரும்பியும் நிற்கும். இந்த நிலையில் முடிவிலி எட்டாது, ஏறக்குறைய 7 மீட்டருக்கு மேல் ஃபோகஸ் ஆகாது. அதனால் 4 மீட்டர் தூரத்தில் ஒரு செங்கல் சுவரை வைத்துக்கொண்டு, இறுக்கிய நிலையில் ஒன்று, அரைச்சுற்று தளர்த்தி மறுபடி ஃபோகஸ் செய்து ஒன்று என எடு. குழைந்த மூலை எதிர்மூலைக்குப் போய்விட்டால் குறை லென்ஸில். அதே இடத்தில் நின்றால் அடாப்டரிலோ கேமரா மவுண்டிலோ. அல்லது நீ சுவருக்கு நேராக நிற்கவில்லை!

நேராக நிற்பது எவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன். 2 மீட்டர் தூரத்தில், எஃப் 2-இல் (இது அபெர்ச்சரின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும்), 24 மெகாபிக்சல் சென்சாரில், ஒவ்வொரு பிக்சலும் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. போல. அதில் பாதி முன்னால், பாதி பின்னால். கேமரா 2 டிகிரி திரும்பியிருந்தால் அட்டையின் ஒரு ஓரம் 2 செ.மீ. முன்னாலும் மறு ஓரம் 2 செ.மீ. பின்னாலும் போய்விடும். இரண்டு ஓரமும் ஆழத்துக்கு வெளியே. கையில் பிடித்து எடுத்த சுவர்ப் படத்தை வைத்து யாராவது லென்ஸை அளந்தால் சிரித்துக்கொள். சரியான வழி: சுவரில், நீ குறிவைக்கும் நடுப்புள்ளியில், சின்னக் கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டு. முக்காலியில் இருக்கும் கேமரா வழியாகப் பார்த்தால் உன் லென்ஸின் பிம்பம் படச்சட்டத்தின் நட்ட நடுவில் தெரிய வேண்டும். தெரியும்வரை கேமராவைத் திருப்பு. மட்டப்பலகையும் அளவுநாடாவும் கொண்டு செய்வதை விட இது துல்லியம்.

மற்ற முன்னேற்பாடுகள் உனக்குத் தெரிந்தவைதான். 2 விநாடி டைமர், முக்காலியில் இருக்கும்போது கேமராவின் நடுக்கத் தடுப்பை அணைத்துவைப்பது, ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), கணினியில் கூர்மையேற்றம் பூஜ்யம். கையில் எடுக்கும்போது நடுக்கத் தடுப்பு வேண்டுமென்றால் 58 மி.மீ. என்று நீயே கேமராவுக்குச் சொல்ல வேண்டும், பழைய லென்ஸ் தானாகச் சொல்லாது.

அபெர்ச்சர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. எஃப் 2-இல் ஃபோகஸ் செய்துவிட்டு, அப்படியே 2.8, 4, 5.6 என்று மூடிக்கொண்டே போய் வரிசையாக எடுப்பார்கள். கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் நடுவிலும் ஓரத்திலும் புகும் ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறை) மிச்சமுள்ள லென்ஸ்களில் அபெர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் விழும் இடமே கொஞ்சம் நகரும். விளைவு, 2.8-இல் லென்ஸ் மோசமாகிவிட்டது போல ஒரு பொய்த் தோற்றம். ஒவ்வொரு எண்ணிலும் புதிதாக ஃபோகஸ் செய். அதிலும் கிட்டத்திலிருந்து திருகி ஒரு தடவை, தூரத்திலிருந்து திருகி ஒரு தடவை, மூன்றாவதாக இன்னொன்று என எடுத்து, சிறந்ததை மட்டும் வைத்துக்கொள். லென்ஸின் திறமையை அளக்கப்போய் நம் விரலின் திறமையை அளந்துவிடக்கூடாது.

இப்போது அந்த “மூலைக் குப்பை”க்கு வருகிறேன். லென்ஸ் கூர்மையாக வரையும் பரப்பு எப்போதும் தட்டையாக இருப்பதில்லை, கிண்ணம் போல வளைந்திருக்கலாம். அட்டையோ தட்டை. நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலையில் கூர்மை அட்டைக்கு முன்னாலோ பின்னாலோ விழும். சோதனை செய்தவர் அதைப் “மோசம்” என்று எழுதுவார். நீ செய்து பார்: கேமராவை அசைக்காமல் மூலையை மட்டும் பெரிதாக்கி, அங்கேயே ஃபோகஸ் செய். மூலை தெளிந்துவிட்டால் அது பரப்பின் வளைவு. முகம் எடுக்கிறவனுக்கு மூலையில் அநேகமாக எதுவும் அதே தளத்தில் இருக்கப்போவதில்லை, அதனால் நஷ்டமில்லை. ஆவணத்தையோ ஓவியத்தையோ நகலெடுக்கிறவனுக்கு அதே வளைவு பெரிய குறை. எங்கே ஃபோகஸ் செய்தாலும் மூலை தெளியவில்லை, நான்கு மூலையும் ஒரே மாதிரி என்றால் அது அந்த வடிவமைப்பின் எல்லை. உன் லென்ஸுக்கு அடிப்படை 1930-களின் ஜெர்மானிய லென்ஸான பையோட்டார். அதற்கு எஃப் 2-இல் மூலையில் கூர்மை தர முடியாது, எஃப் 8-இல் தரும். ஒரு மூலை மட்டும் என்றால்தான் உன் லென்ஸ் நோயாளி.

இன்னொரு பாவமும் லென்ஸ் தலையில் விழுவதுண்டு. சென்சாருக்கு முன்னால் ஓரிரு மி.மீ. கண்ணாடி இருக்கிறது, ஃபிலிமுக்கு அது கிடையாது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு (உள்ளே ஆடி இல்லாத பழைய வகை) செய்த அகலக்கோண லென்ஸ்களில் பின்கண்ணாடி ஃபிலிமை ஒட்டி நிற்கும். ஒளி மூலைகளில் மிகச் சாய்வாக விழும், அந்தக் கண்ணாடியில் புகும்போது கலங்கிவிடும். ஃபிலிமில் பொன்னாக இருந்த லென்ஸ் டிஜிட்டலில் பித்தளையாவது இதனால்தான். உன்னுடையது போன்ற எஸ்எல்ஆர் கேமரா லென்ஸ்கள் நடுவே இருக்கும் ஆடிக்கு இடம் விட்டு எட்டி நிற்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சோதனைப் படத்தை 100 சதவீதத்தில் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வை. 6000 பிக்சல் அகலமுள்ள படம் சாதாரண கணினித் திரையில் முழு அளவில் விரிந்தால் 5 அடிக்கு மேல் அகலம். அதை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறாய். யாரும் அச்சிட்ட படத்தை அப்படிப் பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஏமாற்று, நீ ரசித்த அந்த முகப் படங்களில் இருக்கிறது. அவை 2000 பிக்சலுக்குச் சுருக்கப்பட்டவை. மூன்று பிக்சல் ஒன்றானால் எந்த லென்ஸும் கூர்மையாகிவிடும். சாயங்கால வெளிச்சம், நல்ல முகம், கணினியில் கொஞ்சம் கைவேலை. இதில் லென்ஸின் பங்கு எவ்வளவு என்று அந்தப் படம் சொல்லாது. ஹீலியோஸின் பெயர்போன சுழல் பின்னணியையே எடுத்துக்கொள். ஓரத்தில் ஒளிவட்டங்களை லென்ஸின் குழல் விளிம்பு வெட்டி, பூனைக்கண் போல ஆக்குகிறது. அவை நடுவைச் சுற்றி வரிசையாக நிற்க, பரப்பின் வளைவும் சேர்ந்துகொள்ள, பின்னணி சுழல்வது போலத் தெரிகிறது. அது வர எஃப் 2 வேண்டும், ஆள் ஒன்றரை, இரண்டு மீட்டரில் நிற்க வேண்டும், பின்னால் சில மீட்டர் தள்ளி இலை இடுக்குகளில் வெளிச்சப் பொட்டுகள் வேண்டும். வெற்றுச் சுவருக்கு முன்னால் அதே லென்ஸ் ஒரு சுழலும் தராது. எஃப் 4-இல் பெரும்பகுதி காணாமல் போகும்.

ஆகவே படத்தால் சோதிப்பதையும் ஒழுங்காகச் செய். உன்னிடமுள்ள புது 50 மி.மீ. லென்ஸையும் எடுத்துக்கொண்டு போ. ஒரே இடம், ஒரே ஆள், ஒரே அபெர்ச்சர், ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாலும் எடு. நிறச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதே, விட்டால் பழைய கண்ணாடிப் பூச்சின் நிறத்தைக் கேமராவே அழித்துவிடும். எடுக்க வேண்டியவை: இலைப் பின்னணியில் முகம், வெளிச்சமான ஜன்னலுக்கு முன்னால் கறுப்பு உடை, வானத்துக்கு எதிரே மெல்லிய கிளை, இரவில் மூலையில் தெருவிளக்கு. இதில் ஜன்னல் படம்தான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. அட்டைச் சோதனையில் ஒளி பின்னாலிருந்து வருவதே இல்லை, பழைய லென்ஸும் புது லென்ஸும் மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபடும் இடமோ இதுதான். ஒற்றைப் பூச்சுள்ள கண்ணாடிகளுக்குள் ஒளி எதிரொளித்து, கறுப்பின் மேல் ஒரு திரை விழும். அந்தத் திரை உனக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் முடிவு செய்யுமுன் பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும் 49 மி.மீ. ரப்பர் ஹூட் போட்டு ஒரு தடவை எடு. படத்தின் நடுவில் மட்டும் வெளுத்த வட்டம் தெரிந்தால் அடாப்டரின் உட்சுவர் பளபளக்கிறதா என்று பார். கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் போய்விடும். ஹூட் போட்டும், உள்ளே கறுப்பு ஒட்டியும் திரை விலகாவிட்டால், மறுபடி டார்ச்சை எடு. அந்தப் பால் மங்கலை நீ முதல் தடவை தவறவிட்டிருக்கிறாய்.

முதலில் டார்ச் வெளிச்சத்தில் லென்ஸையே ஒரு படம் எடுத்து அதையும், செங்கல் சுவர்ப் படங்கள் இரண்டையும் ரா கோப்பாகவே எனக்கு அனுப்பு. முகப் படங்கள் அப்புறம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அடுத்து வாங்கப்போவதாகச் சொன்ன சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சளாக இருக்கிறது என்று யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் தயங்காதே. ஏழு கண்ணாடி உள்ள வகையில் ஒன்றில் தோரியம் கலந்திருக்கும், வருடக்கணக்கில் அது மஞ்சளித்துவிடும். புறஊதா எல்இடி விளக்கின் கீழே சில நாட்கள் வைத்தால் பெரும்பகுதி தெளியும். வெயிலில் வைப்பதானால் லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்துத் தீ வைத்துவிடும், அதனால் பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடிவை. வெயில் சூட்டில் மசகு இளகி அபெர்ச்சர் தகட்டில் ஒழுகவும் வழியுண்டு. விளக்கே மேல்.