பிரவுசரை மாற்றுங்கள், புரொஃபைலைத் தொலைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். பெயருக்குத்தான் ஆய்வகம். அலுவலகம், நூலகம், தேர்வுப் பிரிவு என்று எங்கே எது மக்கர் செய்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் தெரிந்தவர்கள் கூப்பிடுவதும் உண்டு. அந்தப் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் விண்டோஸ் 7 கணினிகளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் குரோம் பிரவுசர் 2023 தொடக்கத்தில் வந்த 109ஆம் பதிப்போடு நின்றுபோய்விட்டது. அதனால் பல அலுவலகங்களில் கணினிகளைப் புதுப்பிக்கிறார்கள், கூடவே பிரவுசரையும். புதுப்பிக்கத்தான் வேண்டும். பழைய பிரவுசரில் சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் பார்ப்பது, பூட்டாத வீட்டில் நகையை வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவது போலத்தான்.

புதுப்பிக்கிற விதத்தைப் பற்றித்தான் என் புகார்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அண்மையில் நடந்தது இது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அனுப்பிய பையன் பென்டிரைவோடு வந்தார். குரோமில் ஏதோ பிழைச் செய்தி வந்ததும் அதை அன்இன்ஸ்டால் செய்தார். ‘உங்கள் பிரவுசிங் தரவையும் அழிக்கவா?’ என்று கேட்கும் கட்டத்தில் ஒரு டிக். புதியதைப் போட்டார். ‘முடிஞ்சுது மேடம், இப்ப ஃபாஸ்டா இருக்கும்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஃபாஸ்டாகத்தான் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லையே!

கணக்குப் பிரிவு அம்மா வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த புக்மார்க்குகள் அத்தனையும் போயின. கருவூலம், வருமான வரி, பி.எஃப்., ஜி.எஸ்.டி. என்று தனித்தனிப் பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார். சேமித்த பாஸ்வேர்டுகளும் போயின. சரி, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் ஓ.டி.பி. போகிற எண் பணி ஓய்வு பெற்று நெல்லிக்குப்பம் போய்விட்ட பழைய கண்காணிப்பாளருடையது. அவர் மதியத் தூக்கம் முடிந்து எழுந்திருக்கும் வரை அலுவலகமே காத்திருந்தது. அதற்கப்புறமும் சிக்கல் தீரவில்லை. பட்டியலை அச்சிட பொத்தானை அழுத்தினால் எதுவும் வரவில்லை. இணையதளம் பழுது என்று உதவி எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில், அந்தத் தளத்துக்கு பாப்-அப் (தனியாகத் திறக்கும் சிறு சாளரம்) திறக்க முன்பே கொடுத்திருந்த அனுமதியும் அழிந்திருந்தது, அவ்வளவுதான். திருப்பாதிரிப்புலியூரை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து விதம் உண்டு. அதில் எந்த விதம் எந்தப் படிவத்துக்கு என்பதைக்கூட பிரவுசர்தான் ஞாபகம் வைத்திருந்தது!

இவ்வளவும் இருக்கிற இடத்துக்குப் பெயர் புரொஃபைல். பிரவுசர் வேறு, புரொஃபைல் வேறு. பிரவுசர் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும். புரொஃபைல் ஒவ்வொரு பயனரின் பெயரிலும் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கும். குரோம், எட்ஜ் பிரவுசர்களுக்கு அதில் ‘லோக்கல்’ பக்கம், பயர்பாக்ஸ் பிரவுசருக்கு ‘ரோமிங்’ பக்கம். பழைய பதிப்பின் மேலேயே புதியதை நிறுவினால் புரொஃபைல் அப்படியே இருக்கும். விண்டோஸையே புதிதாகப் போடும்போதுதான் பெரிய ஆபத்து. ‘டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்தாச்சு’ என்பார்கள். ஆப்டேட்டா கண்ணுக்கே தெரியாதே, அதை யார் எடுப்பார்கள்?

எடுத்தாலும் ஒரு சூட்சுமம் உண்டு. பயர்பாக்ஸை மூடிவிட்டு அந்தப் புரொஃபைல் ஃபோல்டரை முழுசாக நகலெடுத்தால் பாஸ்வேர்டுகளும் கூடவே வந்துவிடும். குரோம் அப்படியில்லை. அதன் பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரைப் புதிய விண்டோஸில் கொண்டுபோய் வைத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு திறக்காது. ஆகவே ஃபார்மட் செய்யும் முன்பே பிரவுசருக்குள் போய் பாஸ்வேர்டுகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கோப்பை யார் திறந்தாலும் படிக்கலாம் என்பதால், புதிய கணினியில் ஏற்றிய கையோடு ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட வேண்டும். சர்வீஸ் பையனின் பென்டிரைவில் அது ஊரைச் சுற்றக் கூடாது.

பயர்பாக்ஸில் வேறொரு குழப்பம். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல். பழைய 32 பிட் வகையிலிருந்து 64 பிட் வகைக்கு மாற்றினால் புதிய பயர்பாக்ஸ் வேறு ஃபோல்டரில் போய் உட்காரும், வெறும் புரொஃபைலோடு திறக்கும். எல்லாம் போச்சு என்று பதறுவார்கள். எதுவும் போயிருக்காது. முகவரிப் பட்டையில் ‘about:profiles’ என்று அடித்து, பழையதை இயல்புப் புரொஃபைலாக வைத்தால் திரும்ப வந்துவிடும். இதைத் தெரியாமல் பழைய புரொஃபைலைக் ‘குப்பை’ என்று அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. கணினிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கணக்கு. சாயங்காலத்துக்குள் செம்மண்டலத்தில் இன்னொரு அலுவலகம் காத்திருக்கும். குறை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பணியாணைகளில் ‘கணினிகள் இத்தனை’ என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு கணினியில் இரண்டு ஷிப்டில் மூன்று பேர் உட்காருவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆள் வாரியாக, பெயர் வாரியாகப் பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தன் லாகினில் பிரவுசரைத் திறந்து, தன் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் வந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகே பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டும். முதலில் ஒன்றிரண்டு கணினியில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடச் சொல்லுங்கள். எடுத்த நகலை அதே கணினியின் ‘டி’ டிரைவில் வைத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் நம் பக்கம் வந்ததை அதற்குள் மறந்திருக்க மாட்டோம்; கணினி நனைந்தால் நகலும் கூடவே போகும்.

‘கூகுள் கணக்கில் சிங்க் போட்டுவிட்டால் போதுமே, எல்லாம் தானாக இணையத்தில் சேர்ந்துவிடுமே’ என்று சிலர் சொல்வார்கள். யாருடைய கணக்கில்? ஊழியரின் சொந்த ஜிமெயிலில் போட்டால், அவர் மாறுதலாகிப் போகும்போது அலுவலகப் பாஸ்வேர்டுகளும் அவரோடு போகும். எல்லோருக்கும் பொதுவான ஒரே ஜிமெயில் என்றால், ஒருவர் சேமித்தது எல்லோருக்கும் தெரியும். அலுவலகம் தனது பெயரில் ஆளுக்கொரு கணக்கு கொடுக்க முடிந்தால் மட்டுமே இதற்கு நான் சம்மதிப்பேன். நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் அது இல்லை.

பள்ளி, கல்லூரி நிர்வாகத்தினரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறேன். இன்னொன்று: சம்பளப் பட்டியல் போகிற மாதக் கடைசி வாரத்தில் இந்த வேலைக்கு யாரையும் வரச் சொல்லாதீர்கள். மாதத்தின் இரண்டாம் வாரத்தில், கணக்குப் பிரிவு அம்மா விடுப்பில் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.