இலை படம் போட்டால் இயற்கையா?

ஆசிரியருக்கு,

போன வாரம் பாத்திரம் துலக்கும் திரவம் வாங்கப் போனேன். ஒரு பாட்டிலில் பச்சை இலை படம், 'இயற்கையானது', 'பூமிக்கு நல்லது' என்று பெரிய எழுத்து, விலை பக்கத்தில் இருந்ததைவிட 40 ரூபாய் கூடுதல். சரி, நல்லதுக்குத்தானே என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், எது இயற்கை, எவ்வளவு இயற்கை என்று ஒரு வரி கிடையாது. கடைப் பையனைக் கேட்டேன். "கம்பெனிக்காரன் போட்டிருக்கான்க்கா" என்றான்.

அப்புறம் பில் போடும் இடத்தில் 10 ரூபாய்க்கு 'சுற்றுச்சூழல் பை'. தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் இழைதான்; 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடையான பொருட்களின் பட்டியலில் இந்த நெய்யாத பையும் உண்டு.

நல்ல பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் செக்கு எண்ணெய்க்கு இரட்டை விலை கொடுத்து வாங்குகிறார்கள், ஏனென்றால் ஆட்டுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். இப்படி நாலு முறை ஏமாந்தால், உண்மையாகச் செய்கிறவனையும் நம்ப மாட்டோம்.

ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரிலேயே வழிகாட்டு நெறிமுறை போட்டுவிட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? 1915 என்ற புகார் எண்ணையாவது கடை வாசலில் தமிழில் எழுதி வைக்கச் சொல்லலாமே.

ஒரு வாசகி, மதுரை