பி.காம் பசங்களுக்கு எகனாமிக்ஸ் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிலபஸ் போடுற கமிட்டியில இருக்குறவங்களுக்கும், காமர்ஸ் கிளாஸுக்கு எகனாமிக்ஸ் எடுக்க வர்ற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பி.காம் கடைசி வருஷம் படிக்கிறேன். எகனாமிக்ஸ் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம், அதனாலதான் எழுதுறேன். கூடப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் அந்த பேப்பரை பாஸ் பண்ணதோட மறந்துடுறாங்க, அவங்களுக்கு மண்டையில ஏறலன்னு இல்ல, அக்கவுண்ட்ஸ்ல ஏற்கனவே கையில இருக்குற விஷயத்தோட இதை யாரும் கோர்த்துவிடலங்கிறதுதான் காரணம்.

முதல் யூனிட்டையே எடுத்துக்கோங்க. எகனாமிக்ஸ்னா என்னன்னு ஆடம் ஸ்மித் சொன்ன செல்வ இலக்கணம், மார்ஷல் சொன்ன நல இலக்கணம், 1932ல ராபின்ஸ் சொன்ன பற்றாக்குறை இலக்கணம், வரிசையா மனப்பாடம் பண்ணி எழுதணும். ராபின்ஸ் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்! இருக்குறது கொஞ்சம், அதுக்குப் பல உபயோகம், அப்போ ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை விடணும்னு சொன்னா, சொந்தக் கட்டடத்துல பிசினஸ் நடத்துறவரோட லாப நட்டக் கணக்குல வாடகை செலவே வராதே, அதை வெளிய விட்டிருந்தா வந்திருக்குற வாடகை எங்க போச்சுன்னு ஒரு காமர்ஸ் ஸ்டூடண்ட் உடனே கேப்பான். அந்தக் கேள்விதான் ஆப்பர்சூனிட்டி காஸ்ட். ஆனா அதைக் கேக்குற இடத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போகாம மூணு இலக்கணத்தையும் ஒப்பிடுகன்னு கேட்டு முடிச்சிடுறோம்.

எனக்கு ரொம்ப உறுத்துறது பிரேக் ஈவன் சார்ட். காஸ்ட் அக்கவுண்டிங்ல மொத்தச் செலவு ஒரு நேர்கோடு, விற்பனை ஒரு நேர்கோடு, ரெண்டும் வெட்டுற இடம் பிரேக் ஈவன் (லாபமும் இல்ல, நட்டமும் இல்ல), அதுக்கு அப்புறம் எவ்வளவு வித்தாலும் லாபம் ஏறிக்கிட்டே போகும். எகனாமிக்ஸ் கிளாஸுக்கு வந்தா மார்ஜினல் காஸ்ட், அதாவது இன்னொரு யூனிட் கூட உற்பத்தி பண்ண ஆகுற செலவு, கொஞ்ச தூரம் இறங்கி அப்புறம் ஏறுது, விலையைக் குறைச்சாதான் கூட விக்கும்னா வருமானக் கோடும் வளையுது, அப்போ ரெண்டு கோடும் ரெண்டு இடத்துல வெட்டும், நடுவுல மார்ஜினல் ரெவின்யூவும் (இன்னொரு யூனிட் கூட வித்தா வர்ற கூடுதல் வருமானம்) மார்ஜினல் காஸ்ட்டும் சமமாகுற இடத்துலதான் லாபம் உச்சம், அதைத் தாண்டி உற்பத்தி பண்ணா லாபம் குறையுது. ஒரே ஸ்டூடண்ட் ரெண்டையும் படிச்சு ரெண்டு பேப்பர்லயும் மார்க் வாங்குறான், இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னு ஒரு வார்த்தை யாரும் பேசுறதில்ல. நேர்கோடு தப்பு கிடையாது, ஒரு குறிப்பிட்ட உற்பத்தி அளவுக்குள்ள யூனிட்டுக்கான மாறும் செலவும் விலையும் மாறாதுன்னு வச்சுக்கிட்டுப் போட்ட கோடு அது. எந்த எல்லையில அந்த அனுமானம் உடையுதுங்கிறதுதான் எகனாமிக்ஸ். இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும்.

பிசினஸ் மேத்ஸும் இதே கதைதான். அங்க டிஃபரன்ஷியேஷன் போட்டுப் பழகுறோம், ஆனா மொத்தச் செலவு 50 + 2Q + Q² னா அதை டிஃபரன்ஷியேட் பண்ணி வர்ற 2 + 2Q தான் மார்ஜினல் காஸ்ட்னு எகனாமிக்ஸ் கிளாஸ்ல காட்டுறதில்ல, டேபிள் போட்டுக் கழிச்சுக் காட்டுறதோட சரி. எம்.ஏ. எகனாமிக்ஸ் போகணும்னு ஆசைப்படுற பி.காம் பசங்க மாட்டிக்கிறது இந்த இடத்துலதான்.

பேங்கிங் பாடத்துல காமர்ஸ் பசங்களுக்கு மத்தவங்களை விட வசதி அதிகம், அதைத்தான் விட்டுடுறோம். புக்ல கிரெடிட் கிரியேஷன்னா, அதாவது பேங்க் கடன் கொடுத்துப் பணத்தைப் பெருக்குறதுன்னா, ஒருத்தர் 1000 டெபாசிட் பண்றார், பேங்க் 10 சதவீதம் வச்சுக்கிட்டு 900 கடன் கொடுக்குது, அது அடுத்த பேங்க்குக்குப் போய் 810 ஆகுது, இப்படியே போய் கடைசியில எல்லா பேங்க்லயும் சேர்த்து மொத்த டெபாசிட் 10,000. சரி, இப்போ பேங்க்கோட ஜர்னலைத் திறங்க. கடன் கொடுக்குற அன்னைக்கு என்ட்ரி என்ன? லோன் அக்கவுண்ட் டெபிட், கடன் வாங்கினவரோட டெபாசிட் அக்கவுண்ட் கிரெடிட். சொத்துப் பக்கமும் பொறுப்புப் பக்கமும் ஒண்ணா ஏறுது, வேற எந்த டெபாசிட்டரோட பேலன்ஸும் குறையல, அப்போ அந்த டெபாசிட் அந்த என்ட்ரியிலயே பிறந்திருக்கு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014ல வெளியிட்ட கட்டுரையில இதைத்தான் விளக்குச்சு, முதல்ல டெபாசிட் வந்து அப்புறம் கடன் போகுதுங்கிற புக் விளக்கம் நடைமுறை இல்ல, கடன் கொடுக்குறதுதான் டெபாசிட்டை உண்டாக்குதுன்னு. அப்போ பேங்க் ஏன் இஷ்டத்துக்குக் கடன் கொடுக்க முடியல? மூலதன விதி (கொடுக்குற கடனுக்கு ஏத்த சொந்த மூலதனம் இருக்கணும்), கடன் திரும்பாத ரிஸ்க், மத்திய வங்கியோட வட்டி. டெபிட் கிரெடிட் தெரிஞ்ச பசங்ககிட்ட இந்த ஒரு என்ட்ரியைப் போர்டுல எழுதிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்க, கிளாஸே பேச ஆரம்பிச்சிடும்.

புது பேப்பர் எதுவும் கேக்கல, இருக்குற யூனிட்டைக் குறைக்கச் சொல்லவும் இல்ல. பிரேக் ஈவன் நடத்துற வாரத்துல காஸ்ட் அக்கவுண்ட்ஸ் எடுக்குறவரும் எகனாமிக்ஸ் எடுக்குறவரும் ஒரு பீரியட் சேர்ந்து வாங்க. வரையறு, வேறுபடுத்துக கேள்விகளோட, ஒரு சின்ன லாப நட்டக் கணக்கைக் கொடுத்து இந்த பிசினஸைத் தொடரலாமா மூடலாமா, எந்தச் செலவை இதுல கணக்குல எடுக்கக் கூடாது, ஏன்னு ஒரு பெரிய மார்க் கேள்வி வைங்க. அடுத்த தடவை சிலபஸ் திருத்த உக்காரும்போது இந்த ரெண்டையும் எடுத்துப் பேசுங்க, வேணும்னா மாதிரிக் கேள்விகள் தயார் பண்ணிக் கொடுக்க நாங்க ரெடியா இருக்கோம்.

இப்படிக்கு,
எகனாமிக்ஸ் பிடிச்ச ஒரு பி.காம் மாணவி