சின்னத்தான் கேட்டதற்குப் பதில்

டர்பன்
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா, மலர், குட்டிப்பயல் எல்லாரும் நலமறிய ஆவல். செல்வத்திடம் கொடுத்துவிட்ட கடிதமும் சாத்தூர் சேவும் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் நானும் எழுதியே அனுப்புகிறேன். அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டு. கடைசிப் பக்கம் மட்டும் உனக்கு.

முதலில் சின்னத்தான் விஷயம். டிசம்பர் லீவுக்கு மஸ்கட்டிலிருந்து சின்னக்கா, பிள்ளைகள், அவர் அப்பா அம்மா, தம்பி எல்லாருமாக எட்டுப் பேர் டர்பன் வருகிறார்கள் என்று படித்ததும் எனக்கு வேலையே ஓடவில்லை. உஷாகா என்ற கடல் பூங்காவுக்குப் போவதாகவும் சொன்னாராமே. கடற்கரையின் தெற்குக் கோடியில், பாயிண்ட் பக்கம் இருக்கிறது. 2004-ல் திறந்தது. ஒரு பக்கம் நீர்ச்சறுக்கு விளையாட்டெல்லாம், இன்னொரு பக்கம் உடைந்த பழைய கப்பலைப் போலக் கட்டி அதற்குள் மீன்காட்சி. பிள்ளைகள் வெளியே வரமாட்டார்கள், பார்த்துக்கொள்.

இங்கே யார் யாருக்கு டிப்ஸ் கொடுக்கவேண்டும், எவ்வளவு என்று அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூட வேலை செய்பவர் யாரோ ஆர்லாண்டோ டிஸ்னிக்குப் போய்வந்து, எங்கே போனாலும் இருபது சதவீதம் டிப்ஸ் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முகத்தைக் காட்டுவார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார். சின்னத்தான் அதைக் கேட்டுவிட்டு, கொடுத்தால் எல்லாருக்கும், இல்லாவிட்டால் ஒருத்தருக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டியிருக்கிறார். அந்த இரண்டும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லு அக்கா. நான் சொன்னதாகவே சொல்லு.

அமெரிக்கா கதை வேறு. செல்வம் முன்னே புளோரிடாவிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் இருந்தவன், அவனுக்கு இதெல்லாம் தெரியும். டிப்ஸ் வாங்குகிற வேலையில் இருப்பவருக்கு முதலாளி கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று அங்கே மத்தியச் சட்டம். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. புளோரிடா மாதிரி சில மாநிலங்கள் கூடுதலாக வைத்திருந்தாலும், பரிமாறுகிறவர் குடும்பம் மேசையில் வைக்கும் பணத்தில்தான் ஓடுகிறது. அதனால்தான் பதினெட்டு, இருபது என்று கேட்கிறார்கள். டிஸ்னியில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களில் ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் பில்லிலேயே 18 சதவீதம் சேர்த்துவிடுவார்களாம். ஆனால் அங்கேயும் ராட்டினம் சுற்றிவிடுகிறவருக்கு யாரும் காசு நீட்டுவதில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டம் அப்படி இல்லை. குறைந்தபட்சக் கூலியை 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டு ஆக்கினார்கள். டிப்ஸை அந்தக் கூலிக்குள் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் மணிக்கணக்குக் கூலி என்றால், கூட்டம் இல்லாத வாரம் வேலை நேரத்தைக் குறைப்பார்கள், கூலியும் குறையும். ஜூன், ஜூலையில் கடற்கரை ஓட்டல்களில் பரிமாறும் பிள்ளைகள் டிப்ஸை வைத்துத்தான் வாடகை கட்டினார்கள். ஓட்டலில் பில் தொகைக்குப் பத்து சதவீதம் வைப்பது இங்கே முறை. நன்றாகக் கவனித்தார்கள் என்று தோன்றினால் பதினைந்து. சின்னத்தான் எட்டுப் பேராக வருவதால் ஒன்று முக்கியம்: எட்டுப் பேர் மேசைக்குப் பில்லிலேயே பத்து சதவீதம் போட்டுவிடும் ஓட்டல்கள் உண்டு. பில்லின் அடிப்பகுதியை வாசித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லு, இரட்டிப்பாகப் போய்விடக் கூடாது. கார்டில் கட்டினாலும் டிப்ஸை மட்டும் ரொக்கமாகக் கையில் கொடுப்பது நல்லது. கார்டில் போட்டால் அது கணக்கெல்லாம் முடிந்து பிறகுதான் கைக்கு வரும். சில இடங்களில் அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள்.

மேசையில் வைப்பது பரிமாறுகிறவருக்கு மட்டும் போவதில்லை என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். ராத்திரி கடை அடைத்தபிறகு எண்ணிப் பார்த்து, பாத்திரம் கழுவுகிறவர், அடுப்படி ஆள் எல்லாருக்கும் ஒரு பங்கு வரும். தோசைக்கல்லில் நிற்கிற எனக்கும் வரும். புரட்டாசி வந்துவிட்டால் இந்த ஊர்த் தமிழர்கள் மாசம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டார்கள், நம் ஊரில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது. கறிக்கடைகள் ஓய்ந்துகிடக்கும், எனக்குத் தோசை ஊற்றிக் கை ஓயாது. அதனால் இந்த மாசம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வண்டி பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் சின்னத்தான் நிச்சயம் முழிப்பார். இங்கே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு எங்கே நிறுத்தினாலும் மினுங்கும் சட்டை மாட்டிய ஒருவர் ஓடிவந்து இடம் காட்டுவார். திரும்பி வரும்வரை வெயிலில் நின்று வண்டியைப் பார்த்துக்கொள்வார். அவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது. அந்த இடத்தில் நிற்பதற்கே தினமும் ஒரு தொகை கட்டவேண்டிய இடங்களும் இருக்கின்றன. டர்பனில் நிறையப் பேர் காங்கோவில் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். எங்கள் ஓட்டல் தெருவில் நிற்பவர் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு ஐந்து ராண்டு, நாள் முழுக்க வண்டி நின்றால் பத்து. வந்து நிறுத்தும்போது கொடுக்க வேண்டாம், கிளம்பும்போது கொடுக்கவேண்டும்.

பக்கத்து வீட்டு கோவிந்தர் அம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அவர் காரில் முன் சீட்டில் ஒரு ஜாம் பாட்டில் நிறைய ஐந்து ராண்டு நாணயம் இருக்கும். எழுபது வயதைத் தாண்டியும் அவரேதான் ஓட்டுகிறார். வண்டி பார்த்தவரின் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை, சாப்பிட்டாரா என்று கேட்டு முடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். பின்னால் நாலு கார் ஹாரன் அடித்தாலும் கவலையில்லை. காசோடு ஒரு வடையையும் கொடுப்பார். எனக்கு முதலில் விநோதமாக இருந்தது, இப்போது அதுதான் சரி என்று படுகிறது. 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து முதல் ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. இவருடைய முப்பாட்டனார் அதற்குப் பின்னால் வந்த ஒரு கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஊர் எது என்று இவருக்குத் தெரியாது. தமிழ் பேச வராது, ஆனால் கோவிலில் தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒரு அடி பிசகாமல் பாடுவார். புரட்டாசிக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கிறார். போன சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு அங்கேதான். பருப்பு, பூசணிக்காய், பாயசம். ரசத்தில் பூண்டு கூடுதல், அம்மா வைப்பது மாதிரி வராது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் பங்கில் நாமே அடித்துக்கொள்ள இந்த நாட்டில் அனுமதி இல்லை, ஆள்தான் அடிப்பார். கண்ணாடி துடைத்து, டயரில் காற்றுப் பார்ப்பார். அவருக்கும் ஐந்திலிருந்து பத்து. ஓட்டலில் பெட்டி தூக்குகிறவருக்குப் பெட்டிக்குப் பத்து. அறையைச் சுத்தம் செய்கிற அம்மாவுக்கு நாளுக்கு இருபது, அதையும் தினமும் காலையில் வைத்துவிட்டுப் போகவேண்டும். கடைசி நாள் மொத்தமாக வைத்தால், அன்றைக்கு முறை யாருக்கோ அவருக்குத்தான் போகும், நாலு நாள் படுக்கை விரித்தவருக்குப் போகாது. உஷாகாவுக்குள்ளே சறுக்குமரத்தில் நிற்கும் பாதுகாப்புப் பிள்ளைகள், டிக்கெட் கொடுப்பவர்கள், டால்பின் காட்டுபவர்கள் யாரும் காசு எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் கையில் திணித்தால் மேலாளரிடம் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள். நன்றி சொன்னால் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் கோல்ட் ரீஃப் சிட்டி என்ற பூங்காவுக்கும் போனால், பழைய தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கிக் கதை சொல்லிக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கு ஏதாவது கொடுக்கலாம்.

இருப்பதிலேயே சின்ன நோட்டு பத்து ராண்டு. பச்சை நிறம், முன்பக்கம் மண்டேலா, பின்பக்கம் காண்டாமிருகம். நம் பணத்தில் ஐம்பது ரூபாய்க்குப் பக்கம் வரும். வந்திறங்கியதும் பெரிய நோட்டை மாற்றி, சில்லறையைச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லு. தெருவில் நின்று பர்ஸைத் திறக்க வேண்டாம். இது டிப்ஸுக்காகச் சொல்வதில்லை, பத்திரத்துக்காகச் சொல்கிறேன். சுற்றிப் பார்க்க வந்தவருக்குப் பத்து ராண்டு ஒரு ஐஸ்கிரீமுக்குக்கூடக் காணாது. வாங்குகிறவருக்கு அது அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வண்டிக்காசில் ஒரு பங்கு. இதை மட்டும் சின்னத்தான் மனதில் வைத்துக்கொண்டால், யாருக்குக் கொடுக்கணும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. சாப்பிட்டு முடித்த பெரியவர் தோசை போட்டது யார் என்று கேட்டு அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். மடித்த நோட்டு ஒன்றை என் கையில் வைத்து மூடி, "நீ சாப்பிட்டியா தம்பி?" என்றார். ஆமாம் என்றுகூடச் சொல்ல வரவில்லை அக்கா. மாவுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா போனில் திரும்பத் திரும்ப அதையே கேட்கும்போது, இன்னும் அஞ்சு நிமிஷம் கேட்கட்டும் என்றுதான் எனக்கு இருக்கும். அம்மாவிடம் சொல்லு, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

குளிர் போய்விட்டது. ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பனி விழுந்தபோது இங்கேயும் காற்று வாட்டியது. இரண்டு சட்டை போட்டுக்கொண்டால் போதும், ஹீட்டர் எல்லாம் தேவைப்படவில்லை. செல்வம் ஊருக்கு வந்திருந்தபோது அறை முழுக்க எனக்கே இருந்தது, நல்ல வசதி. ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் போய் உட்காருவேன். கழுகுமலையில் இப்போது மழை இறங்கியிருக்குமா? உளுந்து விதைத்தாச்சா? முதல் மழைக்குக் கரிசல் மணம் எழும்புமே, இங்கே எவ்வளவு மழை பெய்தாலும் அந்த வாசம் இல்லை. இந்த வருஷமும் பன்றி இறங்கினால் அத்தான் ராத்திரிக் காவலுக்குத் தனியாகப் போகவேண்டாம், சுப்பையாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

இனி உனக்கு மட்டும்.

மலர் பெரியவளான செய்தி படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் பின்னாலேயே ஓடிவந்த பிள்ளை. ஐப்பசியிலேயே சடங்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஐப்பசி வேண்டாம் அக்கா. மழைக்காலம், பந்தல் போட முடியாது, சொந்தக்காரர்கள் எல்லாம் காட்டில் கிடப்பார்கள். தை பிறக்கட்டும். தாய்மாமன் சீரில் ஒன்றும் குறையக் கூடாது, நான் ஒருத்தன்தானே மாமன். பட்டு, வளையல், தோடு, தாம்பாளத்தட்டு எல்லாம் முறைப்படி வரும். டிசம்பரில் இங்கே கடற்கரையில் நிற்க இடம் இருக்காது, ஓட்டலும் அப்படித்தான். ஜனவரி முதல் வாரம் பணம் உன் கணக்குக்கு வந்துவிடும். லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் சுப்பையா என் இடத்தில் நின்று மாலை போடட்டும், அவனிடம் நானே பேசுகிறேன். தோட்டின் மாதிரியை மலரே பார்த்துச் சொல்லட்டும், அவளுக்குப் பிடிக்கவேண்டும்.

சொசைட்டியில் இருக்கும் உன் சங்கிலியை இப்போதைக்குத் திருப்ப வேண்டாம். அங்கே இருந்தால் பத்திரமும்தான். வட்டியை மட்டும் தவணை தவறாமல் கட்டிவிடு. அதற்கான தொகை இந்த மாசம் வரும், போன மாசத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இங்கே சில செலவுகள் ஒன்றாக வந்தன, அவ்வளவுதான், அம்மாவிடம் சொல்லாதே.

அம்மாவின் கண்புரையைத் தள்ளிப்போட வேண்டாம். திருநெல்வேலி அரவிந்துக்கு அத்தான் கூட்டிப்போகட்டும். தீபாவளிக்கு முன்னால் ஒரு கண் முடிந்துவிட்டால் சடங்குக்குள் நன்றாகப் பார்வை வந்துவிடும். மேற்கு வரப்பு விஷயத்தில் பெரியப்பா வீட்டாரோடு வாய் கொடுக்காதே. சர்வேயருக்கு மனு கொடுத்து, அவர் வரும் நாளில் இரண்டு வீட்டாரும் நிற்கட்டும். பட்டா நகல் பரணில் பச்சைத் தகரப்பெட்டியில், அப்பாவின் டைரிக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் போட்டோ எடுத்து செல்வம் நம்பருக்கு அனுப்பு, என் போனில் படம் சரியாகத் தெரிவதில்லை.

இப்படிக்கு
உன் அன்புத் தம்பி
முருகேசன்