பூனைக்கும் கழுதைக்கும் நம் பிள்ளைகளின் தமிழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தில் கேன்ஸ் திரைப்பட விழாவைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் 2004 ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "அந்த முறை ஒரு சிறுவர் கார்ட்டூனும் போட்டியில் இருந்தது" என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டார்கள். அது ஷ்ரெக் 2. படத்தின் பெயரைக்கூட எழுதவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மே 15 ஆம் திகதி கேன்ஸில் அந்தப் படத்தின் முதல் காட்சி நடந்தது, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது வந்தது நான்கு நாள் கழித்துத்தான். குவென்டின் டரான்டினோ தலைமை தாங்கிய நடுவர் குழு, மற்றப் பெரிய படங்களோடு அதையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் பார்த்தது. விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை மைக்கேல் மூரின் ஆவணப் படத்துக்குப் போனது, அது வேறு விடயம். அதே வருடம் ஜப்பானிய இயக்குநர் மமொரு ஒஷியின் அனிமேஷன் படம் ஒன்றும் போட்டியில் இருந்தது. ஷ்ரெக்கின் முதல் பாகம் 2001 இலேயே கேன்ஸ் போட்டிக்குப் போயிருந்தது, அதற்கும் வெகுகாலம் முன்பு 1973 இல் ஒரு பிரெஞ்சு அனிமேஷன் படம் அங்கே சிறப்பு விருது வாங்கியது. ஆகவே விழாக்காரர்கள் ஏதோ தவறிப்போய் ஒரு கார்ட்டூனை உள்ளே விட்டுவிட்டார்கள் என்பது போல எழுதுவது சரியில்லை.

அந்தப் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். வழக்கமான தேவதைக் கதை கல்யாணத்தோடு முடிந்துவிடும். இது கல்யாணத்துக்குப் பிறகு தொடங்குகிறது. இளவரசியைக் கட்டிய பச்சை நிற அரக்கன் மாமனார் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறான், மருமகனைப் பார்த்த அரசருக்கு முகம் கறுத்துவிடுகிறது, இராச்சாப்பாட்டு மேசையில் பேச்சு முற்றிச் சண்டையாகிறது. நம்முடைய வீடுகளில் யாருக்குத்தான் இது புரியாது? நல்லது செய்ய வேண்டிய தேவதை ஒரு தொழிற்சாலையே நடத்தி மந்திர மருந்து தயாரிக்கிறாள், மருமகனை இவ்வளவு வெறுக்கும் அரசரோ கடைசியில் பார்த்தால் ஒருகாலத்தில் தவளையாக இருந்தவர். தான் எங்கிருந்து வந்தேன் என்பதை மறைத்துக்கொண்டு வாழும் ஒரு மனிதர் தன் மகளின் தெரிவைப் பார்த்து வெட்கப்படுவது, அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது சின்ன விடயமா? வில்லியம் ஸ்டைக் என்ற அமெரிக்கர் 1990 இல் எழுதி வரைந்த ஒரு மெல்லிய படப் புத்தகத்திலிருந்து பிறந்தவன்தான் இந்த ஷ்ரெக். அவர் 2003 இல் இறந்துபோனார், இரண்டாம் பாகத்தை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த விடயம் கேன்ஸ் அல்ல, நம் பிள்ளைகள்.

இந்தப் படத்தின் பகிடியில் பாதிக்கு மேல் குரலில்தான் இருக்கிறது. முதல் பாகத்துக்கு, ஷ்ரெக்குக்குக் குரல் கொடுத்த மைக் மையர்ஸ் தன் வசனத்தைப் பேசி முடித்த பிறகு, இது ஸ்கொட்லாந்து உச்சரிப்பில் இருந்தால்தான் சரி என்று சொல்லித் திரும்பவும் பேசினார். இரண்டாம் பாகத்தில் வரும் பூட்ஸ் போட்ட பூனை, சார்ல்ஸ் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் 1697 ஆம் ஆண்டுக் கதைத் தொகுப்பில் உள்ள பழைய பூனைதான், ஆனால் அன்டோனியோ பண்டேராஸ் ஸ்பானிய வாடையோடு பேசியதால் அது புதுப் பிறவி எடுத்துவிட்டது, ஸ்பானிய மொழிப் பதிப்புக்கும் அவரே குரல் கொடுத்தார். இப்படிப்பட்ட படங்களில் முதலில் குரலைத்தான் பதிவு செய்கிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயும் முகமும் அசைக்கப்படுகின்றன.

நான் கொழும்பில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பல காலம் படிப்பித்தவள். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் இருந்து வரும் தமிழ்மொழி மூலப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த மாதிரிப் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஷ்ரெக்கின் கூட்டாளியான கழுதை விழும்போது சிரிப்பார்கள், பூனை கண்ணை விரித்துக் கெஞ்சும்போது சிரிப்பார்கள். ஆனால் வசனத்துக்குச் சிரிக்கும் பிள்ளை மிகக் குறைவு, ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளை முன்வரிசையில் இருந்து சிரிக்க மற்றவர்கள் அதைப் பார்த்து அரை மனதோடு சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. தமிழ் டப்பிங் வந்தாலும் அது சென்னையில் செய்ததாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். இங்கே உள்ள பிள்ளைக்கு அதில் கதை புரியும், ஆனால் தன் வீட்டில் கதைப்பது போல ஒரு கழுதை கதைப்பதை அது எங்கேயும் கேட்டதில்லை.

சிங்களப் பிள்ளைகளுக்கு அது கிடைத்திருக்கிறது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் தொடங்கியது, அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற மனிதர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'ரேகாவ' என்ற சிங்களப் படத்துக்குப் படத்தொகுப்பு செய்தவர், 1979 இல் 'ஹந்தயா' என்ற சிறுவர் படத்தை இயக்கியவர், அப்படிப்பட்ட ஒரு பெரிய கலைஞர் கார்ட்டூனுக்குக் குரல் சேர்ப்பதைத் தன் தகுதிக்குக் குறைவான வேலை என்று நினைக்கவில்லை. மிருகங்களோடு பேசும் டொக்டர் டூலிட்டிலை அவர் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆக்கியபோது அந்த டொக்டர் இங்கேயே ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்தவர் போல இருந்தார். கொழும்பில் வளர்ந்த எங்களில் எத்தனையோ பேர் சிங்களத்தை அந்தக் கார்ட்டூன்களில்தான் ஆசையோடு கற்றுக்கொண்டோம், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அதே வேலை தமிழிலும் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆட்கள் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவை நாடகம் போனபோது என்ன நடந்தது? மரிக்காராக ராம்தாஸ் முஸ்லிம் மக்களின் தமிழில் பேச, அப்புக்குட்டியாக ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில் பதில் கொடுக்க, உபாலியாக வந்த செல்வசேகரன் சிங்கள வாடைத் தமிழில் குழப்ப, ஐயராக அப்துல் ஹமீத் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்க, நாடே சிரித்தது. பிறகு அவர்களை வைத்து 'கோமாளிகள்' என்று 1976 இல் படமும் வந்தது. ஒரே தீவுக்குள் இத்தனை விதமான தமிழ் இருப்பது தேவதைக் கதை நகைச்சுவைக்கு எவ்வளவு பெரிய சொத்து! மலையகத் தமிழில் கதைக்கும் ஒரு பூனையை, மட்டக்களப்புத் தமிழில் வாய் ஓயாத ஒரு கழுதையை, பருத்தித்துறை மாமனாராக அந்த அரசரை நினைத்துப் பாருங்கள், எனக்கு எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

செலவைப் பற்றிச் சொல்வார்கள், உரிமை வாங்குவது லேசில்லை என்பதும் உண்மை. ஆனால் இசையும் மற்றச் சத்தங்களும் வசனம் இல்லாமல் தனித் தடமாகவே கிடைக்கும், நாம் சேர்க்க வேண்டியது குரல் மட்டும்தான். உருவத்தின் வாய் மூடும் இடத்தில் ப, ம வரும் சொல்லாகப் பார்த்துப் போட்டு எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும், அது பயிற்சியால் வரும். உண்மையான நடிகர்களின் உதட்டுக்குப் பொருத்துவதை விட வரைந்த வாய்க்குப் பொருத்துவது இலகு. பெரிய ஹொலிவூட் படத்தில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி', 'தாடியறுந்த வேடன்' போன்ற சிறுவர் பாடல்கள் இருக்கின்றன, அவற்றைப் பத்து நிமிட அனிமேஷனாகச் செய்து பழகலாமே, அப்படி ஒரு குழு பழகிவிட்டால் பெரிய படத்துக்கும் அவர்களே குரல் கொடுப்பார்கள். நாடக ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர் நாடகத்துக்கு இவ்வளவு செய்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த மரபில் வந்த நடிகர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவர். ஆகவே இங்குள்ள தமிழ் தொலைக்காட்சி அலைவரிசைகளிடம் உங்கள் நிருபர்கள் நேரடியாகப் போய்க் கேட்க வேண்டும்: வருடத்துக்கு ஒரு சிறுவர் படத்தையாவது இங்கேயே, இங்குள்ள குரல்களில் தமிழாக்க உங்களுக்கு என்ன தடை? என்ன பதில் வந்தாலும் அதை அப்படியே போடுங்கள். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேச சினிமா விழா நடக்கிறது, கொழும்பிலும் அவ்வப்போது விழாக்கள் வருகின்றன. அவற்றை நடத்துபவர்களிடமும் ஒரு காலைக் காட்சியைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி ஒரு நல்ல அனிமேஷன் படத்தைத் தமிழ்க் குரலோடு போட முடியுமா என்று கேளுங்கள். டப்பிங் செய்யப் பணம் இல்லாவிட்டால் நாலைந்து நடிகர்கள் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று நேரடியாகப் பேசினாலும் போதும், பிள்ளைகள் அதையும் ரசிப்பார்கள்.

உங்கள் சினிமாப் பக்கத்திலும் மாதம் ஒருமுறையாவது அனிமேஷன் படங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முதலாவதாக ஷ்ரெக் 2 பற்றியே, இந்த முறை பெயர் போட்டு, விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.